காய்ப்பு ஓய்ந்த செடிகளை வேரோடு எடுப்பதா, தரைமட்டத்தில் வெட்டுவதா?

கேள்வி: மண்வாசம்

வணக்கம். எங்கள் தோட்டத்தில் தக்காளி, கத்தரி, வெண்டை, கொடி அவரை ஆகிய நான்கும் காய்த்து ஓய்ந்துவிட்டன. தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே மட்க விடுவதுதான் மண்ணுக்கு நல்லது என்று சிலரும், அப்படி விட்டால் நோய் தங்கிவிடும் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். தக்காளியில் சில செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடிவிட்டன. கழித்த தழைகளை மட்குக் குழியில் போடலாமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில்: ஏர்முனை

எல்லாச் செடிக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதால், வகைக்கு ஓரிரு செடிகளை முதலில் கெல்லி எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். அவரை வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு உருண்டைகள் நகத்தால் தள்ளினாலே உதிர்ந்துவிடும்; அவை காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்கள் வாழும் முடிச்சுகள். மாறாக, வேரே ஆங்காங்கே வீங்கி, கிள்ளினாலும் பிரியாமல் கரணை கரணையாக இருந்தால், அது மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. அத்தகைய செடியைக் கையால் இழுத்தால் வீங்கிய வேர்கள் அறுந்து மண்ணுக்குள் தங்கிவிடும். சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி முழுவதுமாக எடுக்க வேண்டும். வேர் தூய்மையாக இருந்தால் வெட்டிவிடுவதே மேல். ஆனாலும் அவரை வேரால் மண்ணில் தழைச்சத்து குவியும் என்பது சற்று மிகையான பேச்சு, ஏனெனில் செடி சேர்த்ததில் பெரும்பங்கு முற்றிய விதைக்குள் போய்விடுகிறது.

பதில்: பச்சைக்கொடி

பச்சையாக இருக்கும்போதே வாடிய தக்காளிதான் எனக்குக் கவலை தருகிறது. அதன் தண்டை அடிப்பகுதியில் குறுக்காக வெட்டி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி, ஒரு கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழை கீழ்நோக்கி இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அந்தச் செடியை வேரோடு அகற்ற வேண்டும், மட்குக் குழியில் சேர்க்கவே கூடாது. குவியல் முழுவதும் குறைந்தது 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நாட்கள் தொடர்ந்து இருந்தால்தான் பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடியும். வீட்டுக் குவியலில் நடுப்பகுதி சுட்டாலும் ஓரங்கள் குளிர்ந்தே கிடக்கும்.

வெண்டையில் நரம்பு மஞ்சளிக்கும் நோய் இருந்தால் அது வேறு கதை. அந்த வைரஸ் உயிருள்ள செடியிலிருந்து வெள்ளை ஈ மூலம் பரவுவது. காய்ந்து மட்கிய தழையால் ஆபத்தில்லை. எனவே நோயுற்ற செடியைத் தாமதமின்றி அகற்றுவதுதான் முக்கியம்.

மண்வாசம்

இருவருக்கும் நன்றி. தக்காளித் தண்டிலிருந்து வெண்ணிற இழை இறங்குவதைக் கண்ணாரக் கண்டேன். வெண்டை வேரிலும் வீக்கங்கள் இருக்கின்றன. கத்தரி மட்டும் இன்னும் திடமாக நிற்கிறது. அதைக் கவாத்து செய்து மறுதாம்பு விடலாமா, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு மீண்டும் துளிர்த்துக் காய்க்க விடலாமா?

பதில்: ஏர்முனை

வேறு தோட்டமாக இருந்தால் தாராளமாக விடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம். அந்த வாடல் நோய் இரண்டையும் தாக்கும், மண்ணிலும் பாசன நீரிலும் பரவும். பக்கத்துப் பாத்தியில் நோய் உறுதியான பிறகு கத்தரியை வைத்திருப்பது நோய்க்குத் தீனி போடுவதாகும். தண்டுகளைப் பிளந்து பாருங்கள். துளைப்பான் புழு இருந்தால் அந்தத் தண்டுகளையும், உதிர்ந்து கிடக்கும் சொத்தைக் காய்களையும் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். மிளகாயும் அதே குடும்பம் என்பதால் அந்தப் பாத்தியில் வேண்டாம். வெண்டை இருந்த இடத்தில் செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு ஒரு பருவம் வளர்த்தால் நூற்புழு குறையும். மண்வெட்டி, கத்தி, ஊன்றுகோல்களில் ஒட்டிய மண்ணைக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த பாத்திக்குக் கொண்டு செல்லுங்கள்.