ஐ.டி.ஐ. ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்களிடம் ஓர் உதவி

வணக்கம் நண்பர்களே. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ. முதல்வர்களின் தலைமைப் பாணி பற்றி ஆய்வு செய்கிறேன். முதல்வர் மாறினால் பயிற்சியின் தரமும் மாறுகிறதா என்பதுதான் என் கேள்வி.

தலைமை பற்றிய ஆய்வுகளில் அமெரிக்க உளவியலாளர் பெர்னார்ட் பாஸ் 1985-ல் விரிவாக்கிய கோட்பாட்டைத்தான் பெரும்பாலும் எடுத்தாள்கிறார்கள். அதில் வருபவை இரண்டு: ஊக்கம் தந்து ஆளையே மாற்றும் தலைமை, வேலைக்கேற்ற பலன் என்று நடத்தும் தலைமை. இவற்றோடு, எதையும் கண்டுகொள்ளாத போக்கையும் சேர்த்து அதற்கான வினாத்தாள் அளக்கிறது. ஆனால் அதன் கேள்விகள் நம் பட்டறைக்குள் நுழைவதில்லை. வெல்டிங் ராடு தீர்ந்துபோனால் இண்டென்ட் (பொருள் கேட்கும் விண்ணப்பம்) எத்தனை நாள் மேசையில் கிடக்கிறது? லேத் பழுதானால் முதல்வர் நேரில் வந்து பார்க்கிறாரா, கடிதம் எழுதச் சொல்லிவிட்டு நகர்கிறாரா? அப்ரன்டிஸ் இடம் கேட்டுக் கம்பெனி வாசலுக்குப் போகிறவர் யார்? பிட்டர் பிரிவுப் பையனின் பிழைப்பு இதில்தான் இருக்கிறது. விதியும் நிதியும் மேலிருந்து வரும்போது முதல்வரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

பயிற்றுநர்கள், ஓய்வுபெற்ற முதல்வர்கள், படித்து முடித்தவர்கள் யாராவது அரை மணி நேரம் போனில் பேச முடியுமா? உங்கள் பெயரோ நிலையத்தின் பெயரோ ஆய்வில் வராது. பெண்கள் ஐ.டி.ஐ.யில் பணிபுரிந்தவர்கள் அவசியம் பேசுங்கள், அந்தப் பக்கத்துத் தகவல் என்னிடம் மிகக் குறைவு. பாஸ் வினாத்தாளை முறையான அனுமதியோடு தமிழில் பயன்படுத்தியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள். இன்பாக்ஸில் ஒரு வரி போட்டால் போதும், நானே அழைக்கிறேன்.