மறுமொழி: ஸ்டாப்லாஸுக்கு ‘நட்டத் தடுப்பு ஆணை’ சரிதானா?

ஐயா, வணக்கம்.

பங்குச் சந்தைக் கலைச்சொற் பட்டியலில் ஸ்டாப்லாஸுக்குத் தாங்கள் சேர்த்திருக்கும் ‘நட்டத் தடுப்பு ஆணை’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் பணம் போடுகிறவனை அந்தச் சொல்லே ஏமாற்றிவிடும். ஸ்டாப்லாஸ் எதையும் தடுப்பதில்லை. குறித்த விலை வந்ததும் ஓர் ஆணையைச் சந்தைக்குள் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அங்கே வாங்கவோ விற்கவோ ஆள் இருக்கிறாரா என்பது அதன் கவலை இல்லை.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஆப்ஷன் என்பது ஒன்றைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும், தவணை உள்ள ஒப்பந்தம்; வாங்கும் உரிமை தருவது கால் ஆப்ஷன். தவணை முடியும் நாளன்று ஒரு கால் ஆப்ஷனை 40 ரூபாய்க்கு விற்றிருந்தேன்; அதன் விலை ஏறினால் எனக்கு நட்டம். விலை 60-ஐத் தொட்டால் திரும்ப வாங்கிவிட வேண்டும், 62-க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். 57-இல் இருந்த விலை ஒரே தாவலில் 74-க்குப் போனது. ஆணை விழித்துக்கொண்டது, ஆனால் 62-க்கு விற்க ஒருவரும் இல்லை. திரையில் ‘நிலுவை’ என்றே கிடந்தது. கை கழுவாமலே ஓடிவந்து 91-இல் வாங்கி வெளியேறினேன். நான்கு நிமிடம் கழித்து விலை 48. சோறும் ஆறிப்போயிருந்தது.

உச்ச விலை குறிக்காமல், கிடைத்த விலைக்கு முடி என்று போட்டிருந்தால்? அதற்கும் கதை இருக்கிறது. 2021 ஆகஸ்டில், தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டியின் மீதான ஆப்ஷன் ஒன்று 800 ரூபாயைத் தாண்டிவிட்டு உடனே கீழே திரும்பியது. அந்த ஒரு கணத்தில் பலருடைய ஸ்டாப்லாஸ் நினைத்தே பார்க்காத விலையில் முடிந்தது. செப்டம்பர் 27 முதல் ஆப்ஷன்களுக்கு அந்த வகை ஆணையையே தேசியப் பங்குச் சந்தை நிறுத்திவிட்டது. 2015 ஜனவரி 15 அன்று ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்று தான் காத்துவந்த தரை விலையை சுவிஸ் மைய வங்கி திடீரெனக் கைவிட்டபோதும் இதுதான் நடந்தது. யூரோவை வாங்கி 1.19-இல் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவர்களுக்கு 1.19-இல் வாங்க ஆளே இல்லை. வெகு கீழேதான் கணக்கு முடிந்தது.

ஆகவே ‘கலிங்கு ஆணை’ என்று முன்மொழிகிறேன். கண்மாயில், அதாவது ஏரியில், நீர் ஒரு மட்டத்தை எட்டியதும் யாரையும் கேட்காமல் கலிங்கு என்னும் உபரிநீர்ப் போக்கு வழியே வெளியேறுகிறது. கொஞ்சம் நீர் போனாலும் கரை தப்புகிறது. வெள்ளம் ஒரேயடியாக வந்தால் கலிங்கு இருந்தும் கரை உடையும். இரண்டு செய்தியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

அடுத்து, விலை குத்திட்டு எழுந்து அல்லது விழுந்து உடனே திரும்புவதற்கு (ஸ்பைக்) ‘விலையேற்றம்’ பொருந்தாது. அது கீழ்நோக்கியும் நடக்கும். ‘விலைமுள்’ எனலாம். வரைபடத்தில் பார்த்தால் முள் போலத்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது.

——

அன்புள்ள அம்மா,

‘தடுப்பு’ தவறு என்பதை ஏற்கிறேன். பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ‘விலைமுள்’ளையும் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்; தராசு முள்ளும் நினைவுக்கு வருவதால் இன்னும் பிடித்திருக்கிறது.

கலிங்கில்தான் தயக்கம். நீங்கள் சொன்ன அழகை மறுக்கவில்லை. ஆனால் திருநெல்வேலியில் அது மறுகால், செங்கல்பட்டுப் பக்கம் கலங்கல். சென்னையில் அடுக்ககத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மூன்றுமே தெரியாது. ஸ்டாப்லாஸை விளக்க முதலில் கண்மாயை விளக்க வேண்டியிருக்கும். ‘நட்ட வரம்பு ஆணை’ என்று வைத்தால் என்ன?

——

ஐயா,

‘வரம்பு ஆணை’ என்பதை, இந்த விலைக்கு மேல் வாங்காதே, இதற்குக் கீழ் விற்காதே என்னும் லிமிட் ஆர்டருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம். முன்னால் ‘நட்ட’ சேர்த்தால் இரண்டும் குழம்பும். குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் என் 62 ரூபாய்க் கதை.

கலிங்கை விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல். பதிலுக்கு ‘வெளியேற்று ஆணை’ வைத்துக்கொள்வோம். அது செய்யும் வேலையை மட்டும் சொல்கிறது. ஆணையை எழுப்பும் விலை ‘தூண்டு விலை’. கிடைத்த விலைக்கு முடிப்பது ‘சந்தை வெளியேற்று’, உச்சமோ தாழ்வோ குறித்தது ‘வரம்பு வெளியேற்று’. தூண்டு விலைக்கும் முடிந்த விலைக்கும் உள்ள இடைவெளிக்கு ‘நழுவல்’. முன்னதில் நழுவல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், பின்னதில் ஆணை முடியாமலே போகலாம் என்று விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். விலைமுள் அடிக்கடி குத்தும் நாட்களில் தூண்டு விலையைத் தள்ளி வைத்து, வாங்கும் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன் நான். அதற்கெல்லாம் கலைச்சொல் தேவையில்லை.

‘தூண்டு விலை’யில் வல்லினம் மிகாதல்லவா? அதைத் தாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.