விரலுறையா, விரற்பூணா?

வணக்கம்.

மாணவர் இதழுக்காக நான் மொழிபெயர்க்கும் கட்டுரை ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. இங்கிலாந்தில் உழுத வயலொன்றில் உலோக உணரியோடு நடந்தவருக்குப் பழைய வெள்ளிப் பொருள் ஒன்று அகப்பட்டது. தைப்பவர் ஊசியைத் தள்ளுவதற்காக விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் குழி குழியான சிறு கவசம்; ஆங்கிலத்தில் 'திம்பிள்' (thimble). அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று கேட்டபோது ஐயா ஒருவர் 'விரலுறை' என்றார். தமிழ்நாட்டு நண்பர், 'அங்குஸ்தான் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?' என்று கேட்டார். இருவருக்கும் மறுமொழியாக இதை எழுதுகிறேன்.

அங்குஸ்தானில் எனக்குக் குறை ஏதுமில்லை. பாரசீகத்தில் 'அங்குஷ்த்' என்றால் விரல். தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் உழைத்து இடம்பிடித்த சொல் அது. அங்கே அதுவே வழங்கட்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ அதுவும் புதுச்சொல்தான். 1619 முதல் 1658 வரை இங்கே ஆண்ட போர்த்துக்கேயரிடமிருந்து கதிரையும் அலுமாரியும் நமக்கு வந்தன. தையற்பெட்டிக்குள் றேந்தை என்ற பின்னல் ஓரமும் வந்தது. இந்த விரற்கவசத்தைக் குறிக்கும் அவர்களுடைய 'தெதால்' சிங்களத்தில் 'திதாலய' ஆகி இன்றும் வாழ்கிறது. எங்கள் வீட்டில் அது காதில் விழுந்ததில்லை. அம்மம்மாவிடம் பித்தளையில் ஒன்று இருந்தது. 'பிள்ளை, அந்த மூடியை எடுத்து வா' என்பார். போத்தல் மூடியா, விரல் மூடியா என்பதை அவர் மடியில் கிடக்கும் துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். பொத்தானைத் தெறி என்று சொல்லும் ஊர் நம்முடையது. இதற்கும் நம் சொல் ஒன்று அமையாதா என்ற ஆசை எனக்கு அப்போதிருந்தே உண்டு.

விரலுறை ஏன் போதாது? தலையணை உறை, வாளுறை, கடித உறை எல்லாம் உள்ளே இருப்பதை மூடி வைப்பவை. விரலுறை என்றதும் கையுறையின் ஒரு விரலோ, காயத்துக்கு மேல் மாட்டும் இறப்பர் உறையோதான் நினைவுக்கு வரும். நாம் பேசும் பொருள் மூடுவதோடு நிற்பதில்லை. தடித்த துணியில் ஊசியின் காதுப்பக்கத்தை நடுவிரலால் அழுத்தும்போது விசை முழுவதையும் அதுவே தாங்குகிறது. ஊசி வழுக்காமல் நிற்கத்தான் அதன் மேல் அத்தனை குழிகள்.

உலக்கைப் பூணை நினைத்துப் பாருங்கள். மரம் பிளக்காமலும் தேயாமலும் இருக்க நுனியில் இறுக்கிய இரும்பு. இடியைத் தான் வாங்கிக்கொண்டு மரத்தைக் காக்கிறது. விரல் நுனியில் நடப்பதும் இதுவே. ஆகவே 'விரற்பூண்' என்கிறேன். பூண் என்ற உடனேயே உலோகம் என்பது சொல்லாமல் வந்துவிடுகிறது. தையற்காரர் மாட்டும், நுனி திறந்த வளைய வகைக்கும் அது பொருந்துகிறது.

பூண் என்றால் அணி என்றும் பொருள், மோதிரத்தோடு மயங்காதா என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் மோதிரத்துக்கு மோதிரம் என்ற சொல் உறுதியாக இருக்கிறது. வெள்ளியில் செய்தவை பரிசாகவும் கொடுக்கப்பட்டவை. அணியின் சாயல் சற்றுப் படிவது எனக்கு உவப்பே. 'தையற்பூண்' என்று மாற்றியும் பார்த்தேன். தையல் பெண்ணையும் குறிப்பதால் அது பெண்ணின் நகையாகவே ஒலித்தது.

கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. வெள்ளி மென்மையானது; உருக்கு ஊசி நாளடைவில் அதைத் துளைத்துவிடும். 1884 இல் ஹாலிஃபாக்ஸ் நகரத்துச் சார்ல்ஸ் ஹோர்னர் இரண்டு வெள்ளித் தகடுகளுக்கு நடுவே உருக்கை வைத்துச் செய்து காப்புரிமை பெற்றார். இதை 'உறை' கொண்டு எழுதியபோது எது உறை, எது உறைக்குள் இருப்பது என்று எனக்கே குழம்பியது. 'உருக்கு உள்ளீடு வைத்த வெள்ளி விரற்பூண்' என்றதும் தெளிந்தது.

கயிற்றுக் கண்ணி தேயாமலிருக்க உள்ளே பொருத்தும் உலோக வளையத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர். அதையும் பூணில் அடக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. பூண் வெளியே இறுகுவது, அது கண்ணிக்குள் அமர்வது. குருநகர்க் கடற்றொழிலாளரிடம் கேட்டு அதைத் தனியே பார்ப்போம்.

உலோக உணரியை நம் பிள்ளைகள் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுவோர் கையில்தான் அறிவார்கள். அதைப் பொழுதுபோக்காகக் கொண்டு நடப்பவரும் உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். இங்கிலாந்தின் 1996 ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும் குறைந்தது 10 சதவீதம் வெள்ளியோ பொன்னோ கொண்டதாகவும் இருந்தால் இத்தனை சிறிய பொருளும் புதையலாகும் என்பதையும் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

படத்தின் கீழே இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'வெள்ளி விரற்பூண். தைக்கும்போது ஊசியைத் தள்ளுவதற்கு நடுவிரலில் மாட்டுவது.' உங்கள் வீடுகளில் கையால் தைத்த மூத்தவர்கள் இருந்தால் ஒருமுறை கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், என்னுடையதை எடுத்துவிட்டு அதையே இடுகிறேன்.