உணரியா, உணர்த்தியா? எரிபொருள் மானியின் மறுமுனைக்கு ஒரு சொல்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

அவுட்போர்டு மோட்டார் படகுகளில் மானி தவறாகக் காட்டினால் எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பைத் தமிழில் எழுதி வருகிறேன். ஒரு சொல் வழிமறிக்கிறது. எரிபொருள் தொட்டிக்குள் மிதவையோடு இருந்து, முகப்பிலுள்ள மானிக்கு அளவைத் தெரிவிக்கிறதே, அந்த உறுப்பு. பேச்சில் 'சென்டர்' (sender, அனுப்புவது) என்கிறோம். எழுத்தில் அது நடுவைக் குறிக்கும் 'சென்டர்' (center) ஆகிவிடுகிறது.

இது வெறும் எழுத்துச் சிக்கல் இல்லை. மானியின் பின்புறம் மூன்று முக்கிய முனைகள் உண்டு: ஐ (சாவி வழியாக மின்சாரம் வருவது), ஜி (எதிர்முனை, அதாவது மின்கலத்தின் நெகட்டிவ்), எஸ் (சென்டர் கம்பி வருவது). 'சென்டர் வயரைக் கழற்றி எதிர்முனையில் தொடவும்' என்று எழுதினால், படிப்பவர் நடுவில் இருப்பதைக் கழற்றுவார். அது சாவி வழியாக 12 வோல்ட் வரும் கம்பியாக இருந்தால் ஃபியூஸ் போய்விடும்.

'உணரி' (சென்சார்) என்றே வைத்துக்கொள்ளலாமா?

மடல் 2

> 'உணரி' என்றே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. இன்றைய நான்கு வீச்சு மோட்டாரில் உணரிகள் தனியாக இருக்கின்றன. அவை எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குச் செய்தி தருபவை. நீங்கள் சொல்லும் உறுப்பு மானியின் முள்ளையே நேராக நகர்த்துகிறது. மிதவை ஏறி இறங்க, ஒரு தொடுகை மின்தடைச் சுருளின் மேல் நகர்கிறது, தடை மாறுகிறது, மானியின் சுருள்களில் ஓடும் மின்னோட்டமும் மாறுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

எனவே 'உணர்த்தி' என்பது என் முன்மொழிவு. உணர்தல் தன்வினை, உணர்த்துதல் பிறவினை. தான் அறிவது உணரி. பிறிதொன்றுக்கு அறிவிப்பது உணர்த்தி. கடத்து என்பதிலிருந்து கடத்தி வந்த அதே வழி. 'அனுப்பி' என்றும் சிலர் சொல்லக்கூடும். எதை, யாருக்கு என்ற கேள்வி அதில் தொங்கி நிற்கிறது.

பழுது தேடும்போது மானி, கம்பி, உணர்த்தி மூன்றையும் பிரித்துப் பேசியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நல்ல மானியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுவார்கள். அதுவும் அதே தவறைக் காட்டும்.

மடல் 3

உணர்த்தி பிடித்திருக்கிறது. ஆனால் சொல் பொருந்துகிறதா என்பதைச் சோதனைப் படிகளில் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்:

சாவியைத் திருப்பி, ஐ முனைக்கும் ஜி முனைக்கும் இடையே மின்னழுத்தம் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். இருந்தால், எஸ் முனையிலிருந்து உணர்த்திக் கம்பியைக் கழற்றுங்கள்; பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். அமெரிக்க முறை மானியானால் முள் 'காலி'க்குப் போகவேண்டும். அடுத்து எஸ் முனையையும் ஜி முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். முள் 'நிறைவு'க்கு ஏறவேண்டும். இரண்டும் நடந்தால் மானி நல்லது. பழுது கம்பியிலோ உணர்த்தியிலோ இருக்கிறது. இந்த இணைப்பை மானியின் பின்புறத்தில்தான் செய்யவேண்டும், தொட்டியின் மேல் செய்யக்கூடாது. அங்கே பெட்ரோல் ஆவி இருக்கும், ஒரு பொறி போதும்.

பிறகு, கழற்றிய உணர்த்திக் கம்பிக்கும் எதிர்முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் தடையை அளக்கலாம். அமெரிக்க முறையில் காலித் தொட்டிக்கு ஏறத்தாழ 240 ஓம், பாதிக்கு 103, நிறைவுக்கு 33. ஐரோப்பிய முறையில் தலைகீழ்: காலிக்கு 10, நிறைவுக்கு 180. ஆகவே மேலே சொன்ன முள் சோதனையும் அங்கே தலைகீழாகும். ஒரு முறையின் மானியோடு மறுமுறையின் உணர்த்தியைச் சேர்த்தால், பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். இதைப் பழுது என்று நினைத்துக் கம்பிகளைப் பிரிப்பவர்கள் உண்டு. இங்கே பழுதே இல்லை, இணைதான் தவறு.

சொல் எங்கும் இடறவில்லை. 'உணர்த்திக் கம்பி', 'உணர்த்தித் தடை' என்று ஒட்டிக்கொண்டு வருகிறது.

மடல் 4

இரண்டு இடங்களில் எனக்கு ஐயம்.

ஒன்று, சுழற்சிமானி, அதாவது எஞ்சினின் சுற்று வேகத்தைக் காட்டும் மானி. அதற்குச் செய்தி தருவது பல மோட்டார்களில் மின்கலத்தை ஏற்றும் ஸ்டேட்டர் சுருள். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயர் வழியாகச் சாம்பல் நிறக் கம்பியில் துடிப்புகள் வருகின்றன. அதுவும் உணர்த்திதானா?

இரண்டு, வெப்பநிலை. எஞ்சின் தலையில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு உறுப்புகள் இருக்கலாம். ஒன்று சூட்டுக்கேற்பத் தடை மாறுவது, மானிக்கு. மற்றது குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று இணைவது, எச்சரிக்கை ஒலிக்கு. இரண்டையும் பெயரால் பிரிக்காவிட்டால் ஒன்றின் இடத்தில் மற்றதை வாங்கி மாட்டுவார்கள். முள் ஒன்று அடியில் கிடக்கும், இல்லை உச்சிக்குத் தாவும்.

மடல் 5

வெப்பநிலைக்கு விடை எளிது: தடை மாறுவது வெப்பநிலை உணர்த்தி, இணைந்து விலகுவது வெப்பநிலைச் சுவிட்சு. சுவிட்சு என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்.

சுழற்சிமானியை இந்தச் சொல்லுக்குள் இழுக்கக்கூடாது. ஸ்டேட்டர் மின்னேற்றத்துக்காக இருப்பது. துடிப்பு அதன் உடன்விளைவு. அதனால்தான் சுழற்சிமானி செத்தால் முதலில் மின்கலம் ஏறுகிறதா என்று பார்க்கிறோம். இரண்டும் சேர்ந்து நின்றால் ரெக்டிஃபயரைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது மின்கல இணைப்பைக் கழற்றுவது, முனைகளை மாற்றி மாட்டுவது, இரண்டுமே அதைக் கெடுக்கும்.

அங்கே வேறொரு சொல்தான் தேவை. ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று தெரிவு செய்ய, சுழற்சிமானியின் பின்புறத் திருகில் 4, 5, 6 என்று இருப்பதற்கு 'துடிப்புத் தெரிவு' என்று சொல்லலாம். 12 துருவ மின்னாக்கி ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். திருகு 4-இல் நின்றால் 4000 சுற்றை 6000 என்று காட்டும். முள் துள்ளினால் மின்கல இணைப்பைத் துண்டித்துவிட்டு, திருகு நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, சில தடவை இருபுறமும் திருப்பி மீண்டும் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளே பச்சை பிடித்த தொடுகை பல நேரம் இதிலேயே சரியாகும்.

மடல் 6

நல்லது. எனக்கு இருந்த இன்னொரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 'எர்த்'. படகில் மண்ணோடு எந்த இணைப்பும் இல்லை. 'புவியிணைப்பு' என்று எழுதினால் தண்ணீரில் கம்பி விடுவதா என்று கேட்பார்கள். 'எதிர்முனை இணைப்பு' என்பதே நேர்.

அதைத் தெளிவாகச் சொல்வது உணர்த்திக்கு மிக முக்கியம். பிளாஸ்டிக் தொட்டியில் உணர்த்திக்கு எதிர்முனைக் கம்பி தனியாக வருகிறது. அதன் முனை அரித்துக் கூடுதலாக 40 ஓம் சேர்ந்தால், அமெரிக்க முறையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், தொல்லைதான், ஆபத்தில்லை. ஐரோப்பிய முறையில் காலித் தொட்டி 50 ஓம் ஆகி, கால் பங்குபோல எரிபொருள் இருப்பதாகக் காட்டும். கரையிலிருந்து தள்ளி நிற்கும்போது அது உயிர்ப் பிரச்சினை. குறிப்பில் இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

மடல் 7

அனைவருக்கும் நன்றி. பதிவு இப்படி இருக்கட்டும்:

உணர்த்தி: எரிபொருள் அளவு, வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றுக்கேற்பத் தன் மின்தடையை மாற்றி, மானியின் முள்ளை நகர்த்தும் உறுப்பு. சுவிட்சும், துடிப்பு தரும் சுருளும் இதில் அடங்கா. கையில் தூக்கிச் செல்லும் தொட்டிகளில், மிதவை அசைவை நேராகக் காட்டும் மூடிமானிக்கு மின் உணர்த்தி கிடையாது.

உரையில் 'உணர்த்தி முனை' என்று எழுதுகிறேன். படத்தில் மட்டும் எஸ் என்ற எழுத்து அப்படியே நிற்கும். மானியின் பின்புறம் அச்சாகியிருப்பது அதுதான்.