தூணுக்குப் பக்கத்தில் நிற்பவள் யார்?

திண்ணை வீட்டார் – குடும்பக் குழு
ஞாயிற்றுக்கிழமை

நான், மாலை 6:12
பெரியப்பா, மேலே அனுப்பிய படத்தைப் பாருங்கள். பழைய குடும்பப் படம் ஒன்றைப் பற்றி நாளை ஆங்கில வகுப்புக்கு எழுதிக்கொண்டு போக வேண்டும். யார் எங்கே இருந்தார்கள் என்று பத்து வாக்கியம். ஐந்திலாவது ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது ஹூ, வேர் போன்ற சொல்லோடு ஒரு பெயரை விவரிக்கும் தொடர், வர வேண்டுமாம். இது அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. பின்பக்கம் "மாட்டுப் பொங்கல், 1984" என்று இருக்கிறது.

பெரிய அத்தை, 6:15
ஐயோ, லால்குடி வீடு! இந்தப் படம் இன்னும் இருக்கிறதா? தூணுக்குப் பக்கத்தில் நிற்பது நான்தான்.

சின்ன அத்தை, 6:16
இல்லை அக்கா, தூணுக்குப் பக்கத்தில் நிற்பது நான். கட்டம் போட்ட தாவணி என்னுடையது.

பெரிய அத்தை, 6:17
தூண் இரண்டு இருக்கிறது, பெரிதாக்கிப் பார். விளக்கு மாடத்தை ஒட்டிய தூணுக்குப் பக்கத்தில் நிற்பவள் நீ. கிணற்றுப் பக்கத்துத் தூணில் சாய்ந்திருப்பவள் நான்.

சின்ன அத்தை, 6:19
ஆமாம் அக்கா. இப்போது தெரிகிறது.

பெரியப்பா, 6:24
அம்மாடி, உன் அத்தைகள் இருவரும் உன் பாடத்தை நடத்தி முடித்துவிட்டார்கள். "தூணுக்குப் பக்கத்தில் நிற்பவள்" என்றால் போதவில்லை, எந்தத் தூண் என்று கேட்க வேண்டியிருந்தது. "விளக்கு மாடத்தை ஒட்டிய" என்று சேர்த்தவுடன் ஆள் பிடிபட்டுவிட்டது. ரிலேட்டிவ் கிளாஸ் இருப்பதே அதற்குத்தான். பலர் நிற்கும் இடத்தில் ஒருவரைத் தொட்டுக் காட்டுவதற்கு. நீ எழுதியதை அப்படியே அனுப்பு, திருத்தாமல்.

நான், 6:31
1. தி பில்லர் நியர் ஸ்டாண்டிங் கேர்ள் இஸ் மை ஆன்ட்.
2. தி கார்ட் மை ஃபாதர் வாஸ் சிட்டிங் வாஸ் வெரி ஓல்ட்.
3. தி காட் வேர் மை கிராண்ட்மதர் வாஸ் சிட்டிங் ஆன் வாஸ் நியர் தி டோர்.
இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன் பெரியப்பா.

அம்மா, 6:33
இட்லி ஆறுகிறது. சாப்பிட்டுவிட்டு எழுது.

பெரியப்பா, 6:40
அவள் சாப்பிட்டு வரட்டும். நான் எழுதி வைக்கிறேன்.

முதல் வாக்கியத்தை நீ தமிழில் நினைத்திருக்கிறாய். "தூணுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்." நமக்கு இடம் முதலில், பிறகு செயல், கடைசியில்தான் ஆள். ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவிடும். பிறகு செயல், பிறகு இடம்: தி கேர்ள் ஹூ இஸ் ஸ்டாண்டிங் நியர் தி பில்லர். நம் தொடரை வாலிலிருந்து தலைக்குப் படித்தால் ஏறக்குறைய அந்த வரிசை வந்துவிடும். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் பின்னாலிருந்து விரல் வைத்துப் படிப்பார்கள்.

பெரியப்பா, 6:47
இரண்டாவதுதான் முக்கியம். நம் பிள்ளைகள் காலங்காலமாகச் செய்யும் பிழை இது, கவனமாகப் படி.

"அப்பா உட்கார்ந்திருந்த வண்டி." தமிழில் எந்தக் குறையும் இல்லை. அப்பா வண்டியில் உட்கார்ந்தார், அந்த "இல்" எங்கே போனது? "உட்கார்ந்திருந்த" என்ற பெயரெச்சம் அதை விழுங்கிவிட்டது. கேட்பவர் தாமாகப் புரிந்துகொள்வார். "வெட்டிய" என்ற ஒரே சொல்லை வைத்துப் பார். வெட்டிய ஆள், வெட்டிய கரும்பு, வெட்டிய கத்தி, வெட்டிய இடம், வெட்டிய நாள். சொல் மாறவே இல்லை. ஆள் வெட்டினான், கரும்பு வெட்டுப்பட்டது, கத்தியால் வெட்டினான், இடத்தில் வெட்டினான். உறவு ஒவ்வொன்றும் வேறு. தொல்காப்பியம் வினையியலில் இதைச் சொல்லிவிட்டது: நிலம், பொருள், காலம், கருவி, செய்பவர், செயல் என ஆறுக்கும் பெயரெச்சம் ஒன்றுபோலவே உரியது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

ஆங்கிலம் அப்படி விழுங்காது. தி மேன் ஹூ கட் இட். தி நைஃப் ஹி கட் இட் வித். தி பிளேஸ் வேர் ஹி கட் இட். ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் வேண்டும். ஆகவே தி கார்ட் மை ஃபாதர் வாஸ் சிட்டிங் இன். அந்த "இன்" இல்லாவிட்டால் வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது.

அண்ணன் (பெரியப்பா மகன்), 6:52
அப்பா, அப்படியென்றால் மூன்றாவது சரியா? அதில் ஆன் இருக்கிறதே.

பெரியப்பா, 6:56
அதில் இரண்டு முறை இருக்கிறது. "வேர்" என்பதற்குள்ளேயே "அந்த இடத்தில்" என்ற பொருள் அடங்கிவிட்டது. மறுபடி ஆன் போட்டால் "கட்டிலிலில்" என்று சொல்வது போல. வேர் வைத்தால் ஆன் வேண்டாம், ஆன் வைத்தால் வேர் வேண்டாம். தி காட் மை கிராண்ட்மதர் வாஸ் சிட்டிங் ஆன். எனக்கு இதுதான் பிடிக்கும். கட்டில், வண்டி போன்ற பொருள்களுக்கு ஆன், இன் வைத்துச் சொல். வேர் என்பதை வீடு, ஊர், தெரு இவற்றுக்கு வைத்துக்கொள். தி ஹவுஸ் வேர் வி லிவ்ட்.

நான், 7:10
சாப்பிட்டுவிட்டேன். எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம். நாம் திண்ணையில், கிணற்றடியில், வாசலில், வண்டியில் என்று எல்லாவற்றுக்கும் "இல்" போடுகிறோம். ஆங்கிலத்தில் எதற்கு இன், எதற்கு ஆன், எதற்கு அட்?

பெரியப்பா, 7:16
உடம்பை வைத்து யோசி. பரப்பின் மேல் உட்கார்ந்தால் ஆன்: திண்ணை, கட்டில். உள்ளே அடங்கினால் இன்: வண்டி, அறை. ஒரு புள்ளியாக நினைத்தால் அட்: வாசல், கிணற்றடி. விதிவிலக்குகள் உண்டு, பஸ்ஸுக்குள் ஏறினாலும் ஆன் தி பஸ் என்பார்கள். இந்தப் படத்துக்கு இது போதும்.

அண்ணன், 7:19
நான் ஒன்று முயன்று பார்த்தேன். தி பாய் நெக்ஸ்ட் டு தி கேர்ள் ஹூ இஸ் ஹோல்டிங் எ சுகர்கேன் இஸ் மை அங்கிள்.

பெரியப்பா, 7:22
கரும்பு யார் கையில் இருக்கிறது?

அண்ணன், 7:22
சித்தப்பா கையில்.

பெரியப்பா, 7:25
நீ எழுதியதைப் படிப்பவர் அந்தப் பெண்ணின் கையில் என்று நினைப்பார். ஹூ பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். கரும்பை ஆளுக்கு ஒட்டி வை: தி பாய் ஹோல்டிங் எ சுகர்கேன். ஹூ இஸ் இரண்டையும் எடுத்துவிடலாம், நஷ்டமில்லை. ஆனால் ஹூ மட்டும் எடுத்துவிட்டு வினையை விட்டுவைக்காதே. தி கேர்ள் ஸ்டூட் நியர் தி பில்லர் இஸ் மை ஆன்ட் என்று எழுதினால் தவறு.

அப்பா, 7:31
வண்டிக்குள் கரும்போடு இருப்பது நான். எட்டு வயது. அண்ணா, ஒரு காற்புள்ளிக்காக நீங்கள் எனக்கு மதிப்பெண் குறைத்தது நினைவிருக்கிறதா?

பெரியப்பா, 7:35
நன்றாக நினைவிருக்கிறது. இன்றைக்கும் குறைப்பேன். அம்மாடி, இதையும் எழுதிக்கொள். உனக்கு அத்தைகள் இருவர். ஆகவே மை ஆன்ட் ஹூ இஸ் ஸ்டாண்டிங் நியர் தி வெல் என்று காற்புள்ளி இல்லாமல் எழுது, இருவரில் எந்த அத்தை என்று அது பிரித்துக் காட்டுகிறது. அப்பாவைப் பெற்ற பாட்டியோ ஒருவர்தான். அவரைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. மை கிராண்ட்மதர், ஹூ இஸ் சிட்டிங் ஆன் தி காட், இஸ் லாஃபிங். இரண்டு பக்கமும் காற்புள்ளி. அதை எடுத்துவிட்டால் வேறு ஒரு பாட்டியும் எங்கோ நிற்கிறார் என்று ஆகிவிடும். காற்புள்ளி வந்த இடத்தில் ஹூ வேலையைத் தட் செய்யாது என்பதையும் மறக்காதே.

நான், 7:38
நான் வாஸ் என்று எழுதினேன், நீங்கள் இஸ் என்கிறீர்கள்?

பெரியப்பா, 7:40
படத்தில் தெரிவதைச் சொன்னால் இஸ். அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் வாஸ். இரண்டும் சரி. நடுவில் மாற்றாமல் இரு.

நான், 7:44
எல்லாரையும் எழுதிவிட்டேன். தாத்தா எங்கே?

சின்ன அத்தை, 7:45
அப்பா இந்தப் படத்தில் இல்லை.

பெரிய அத்தை, 7:45
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய அத்தை, 7:49
அம்மா, அதாவது உன் பாட்டி, இங்கே என் பக்கத்தில்தான் இருக்கிறார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கு, மாட்டின் கயிறு போகும் இடம்.

நான், 7:51
ஒரு கை தெரிகிறது. கயிற்றைப் பிடித்திருக்கிறது.

பெரிய அத்தை, 7:54
அதுதான் உன் தாத்தா. படம் எடுக்க வந்தவர் வெளிச்ச விளக்கைத் தூக்கியதும் மாடு மிரண்டதாம். "நீங்கள் எல்லாரும் அசையாமல் நில்லுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று நகர்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு எல்லாரையும் சேர்த்துப் படமே எடுக்கவில்லை. அம்மா சொல்கிறார், நான் எழுதுகிறேன்.

அப்பா, 7:55
நாற்பது வருடமாக இந்தப் படத்தை வைத்திருக்கிறேன். அந்தக் கையைப் பார்த்ததில்லை.

நான், 7:58
பெரியப்பா, இதை எப்படி எழுதுவது? தி ஹேண்ட் இஸ் மை கிராண்ட்ஃபாதர் என்று எழுத முடியாதே.

பெரியப்பா, 8:09
ஹூஸ். நாம் "கை மட்டும் தெரிகிறவர்" என்று சொல்லிவிடுவோம், யாருடைய கை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு அந்த "உடைய" வேண்டும்.
தி மேன் ஹூஸ் ஹேண்ட் யூ கேன் சீ ஆன் தி ரோப் இஸ் மை கிராண்ட்ஃபாதர்.
இதைப் பத்தாவது வாக்கியமாக வை.

பெரிய அத்தை, 8:12
அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆங்கிலம் புரியவில்லை, தமிழில் சொல் என்றார். சொன்னேன். கயிறு இடது கையில் இருந்தது என்பதையும் சேர்க்கச் சொல்கிறார்.

நான், 8:14
ஹூஸ் லெஃப்ட் ஹேண்ட். சேர்த்துவிட்டேன் பாட்டி.