பதில்: மேக விதைப்பு நிதி – ஆளுக்கு 15,000 எதுக்கு?

வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரவ எல்லாருக்கும் வணக்கம். ஊர் சங்க செயலாளர் அண்ணாச்சி அனுப்பின மெயிலும் அந்த கம்பெனிக்காரன் நோட்டீசும் படிச்சேன். ஆளுக்கு 15,000 ரூவா, டிரோன் வச்சு மேகத்துல உப்பு தூவி மழை பெய்ய வச்சு நம்ம ரெண்டு குளத்தையும் நெறச்சு தருவானாம், தேதி அக்டோபர் கடைசி வாரமாக்கும். அண்ணாச்சி, தோவாளை தாலுகாவுல ஐப்பசி மழைக்கு கம்பெனி எதுக்கு? பாதி பணம் முன்னால, மீதி மழை பெஞ்ச பெறகுன்னு எழுதிருக்கான், படு வெவரம். ஐப்பசியில மழை எப்படியும் வரும், மீதி பணமும் எப்படியும் அவனுக்கு.

மேக விதைப்பே சுத்த ஏமாத்துன்னு நான் சொல்லல்ல. நோட்டீசுல மகாராஷ்டிரா சோலாப்பூர் சோதனைன்னு போட்டிருக்கான், அது உள்ளதுதான். புனேயில உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 மழைக்காலத்துல செஞ்சது. ஆனா எப்படி செஞ்சாவன்னு பாருங்க. 276 மேகத்தை எடுத்து, எதுல தூவணும் எதை சும்மா விடணும்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு, ரெண்டையும் அளந்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாவ. அப்பதான் காத்து போற பக்கம் 100 சதுர கிலோமீட்டருல சராசரி 18 சதவீதம் கூடிருக்குன்னு வந்துது. சில எடத்துல 46. நோட்டீசுல 46 மட்டும் கொட்டை எழுத்துல இருக்கு, 18-ஐ காணோம்!

தூவாம விட்ட மேகம் இல்லாம கணக்கே கெடையாது. தூவின அன்னைக்கு மழை பெஞ்சுது, சரி, தூவாட்டா எவ்வளவு பெஞ்சிருக்கும்? நம்ம குளத்துக்கு மேல அதை யாரு அளப்பா, கம்பெனிக்காரன் மொபைல்ல எடுத்த வீடியோவா? இஸ்ரேல்காரன் 1960கள்ல பண்ணின முதல் சோதனையில 15 சதவீதம் கூடுதுன்னு வந்து வருசக்கணக்கா தூவிட்டே இருந்தான், பெறகு 2013லேந்து 2020 வரை திரும்ப குலுக்கல் போட்டு பாத்தா 1.8 சதவீதம், அதும் தூவினதால வந்ததா தானா வந்ததான்னு பிரிச்சு சொல்ல முடியாத அளவு. 2021ல நிறுத்திட்டான். டெல்லியில 2025 அக்டோபர் 28ந் தேதி மேகத்துல தூவின வெளயாட்டு எல்லாரும் டிவியில பாத்திருப்பிய, மேகத்துல ஈரப்பதம் 15-20 சதவீதம்தான், விமானம் பறந்ததுதான் மிச்சம். இருக்குற மேகத்தை கொஞ்சம் கூட பிழிஞ்சு பாக்கலாம், மேகத்தை உண்டாக்க யாருக்கும் முடியாது.

இன்னொண்ணு, லிட்டருக்கு 18 பைசாதான்னு போட்டிருக்கான். அதும் சோலாப்பூர் கணக்குதான். ஒரு ஏக்கருல ஒரு சென்டிமீட்டர் மழைன்னா 40,000 லிட்டர் சொச்சம், 18 பைசா வச்சா 7,200 ரூவா தாண்டுது. கும்பப்பூ போகம் வெளஞ்சு நெல்லு வித்தா ஏக்கருக்கு கையில என்ன நிக்கும்னு வயலு வச்சிருக்கியவ சொல்லுங்க. ஐப்பசி வேண்டாம், ஆனி ஆடியில செய்யலாம்னாலும் அப்ப மேகத்தை ஆரல்வாய்மொழி காத்து கணவாய் வழியா கெழக்க தள்ளிட்டு போயிரும், காசு நம்மது மழை பணகுடிக்காரனுக்கு.

படிப்பகத்து கூரைக்கு வாங்கின பணத்துக்கு இன்னும் ரசீது வரல்லங்கதையும் இதோட ஞாபகப்படுத்திக்கிடுதேன்.
– மஸ்கட்

---

மாப்ள, எல்லாத்துக்கும் குறுக்க நின்னா ஊரு எப்படி முன்னேறும்? பக்கத்து ஊர்க்காரன் ஆர்ச்சு கட்டிட்டான், அதுல எழுதின பேருல பாதி நம்ம ஊருல பொண்ணு எடுத்தவனுவ பேரு. மாவட்டத்துலயே மொதல்ல நம்ம ஊருதான் செஞ்சுதுன்னு பேப்பர்ல வந்தா போதாதா. 18 சதவீதம்னா 18 சதவீதம், வந்த வரைக்கும் லாபம். எங்க பாட்டா காலத்துல குளம் நெறஞ்சு மறுகால் பாயுத சத்தம் வீட்டுல கேக்கும், நாங்க ராத்திரி ஓலைச்சூட்டு கொளுத்தி எடுத்துட்டு மீன் புடிக்க போவோம், கூட வந்தவன்ல நீயும் ஒருத்தன், மறந்துட்டியா. ரசீது விசயம் நேருல பேசுவோம், எல்லாருக்கும் போற மெயில்ல எழுதாத.
– தோஹா

---

அண்ணன்மாரே, நான் போன மாசம் அம்மைக்க கண் ஆப்பரேசனுக்கு ஊருக்கு போயிருந்தேன். பெரிய குளத்து மடையில ஷட்டர் இல்ல. அந்த எடத்துல சிமெண்டு சாக்குல மண்ணு கட்டி அடச்சு வச்சிருக்கு, சாக்கு கிழிஞ்சு வெள்ளம் ராப்பகலா ஒழுகிட்டு கெடக்கு. குளம் முழுக்க ஆகாயத்தாமரை, மேக்கால கரையில டெம்போ எறங்குத அளவுக்கு வெட்டி எடுத்திருக்கு. வானத்துலேந்து 18 சதவீதம் கூட வந்தா அதும் அந்த சாக்கு வழியா போகும். வண்டல் அள்ளுதோம்னு கரையை வெட்டினது யாரு வண்டின்னு தோஹா அண்ணனுக்கு நல்லா தெரியும், அவிய மச்சினன்ட்ட கேட்டா போதும். ஷட்டருக்கு கொத்தனாரும் வெல்டரும் வந்து பாத்து 62,000 ஆகும்னு சொன்னாவ, எழுதி வாங்கிருக்கேன், போட்டோவும் இணைச்சிருக்கேன். அதுக்குன்னா என் பங்கு 15,000 இன்னைக்கே தாறேன், ஆனா சங்கத்து அக்கவுண்டுல போட மாட்டேன், வெல்டருக்கு நேரா அனுப்புவேன்.
– சிங்கப்பூர்