சர்ச்சா, மியூசியமா? முதலில் அதைக் கேளுங்கள்

ரஷ்யாவில் த்வேர், கஸான், வோல்காகிராட் என்று இந்த வருஷம் எம்.பி.பி.எஸ். படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் த்வேரில் ஐந்தாம் வருஷம் படிக்கிறேன். ஹாஸ்டல், காலேஜ், பக்கத்துத் தெரு சூப்பர் மார்க்கெட் என்ற மூன்றுக்குள்ளேயே ஆறு வருஷத்தையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எடுத்த ஒரு போட்டோவைக் காட்டுவார்கள். அவர்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப்போன வெள்ளைச் சுவருக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

இங்கே பழைய சர்ச் எதற்குள் போவதானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இப்போது சர்ச்சா மியூசியமா என்பதுதான். சோவியத் காலத்தில் பல சர்ச்சுகளை இடித்தார்கள், பலவற்றை மூடினார்கள், சிலவற்றை மியூசியம் ஆக்கினார்கள். பின்னால் பலவும் திருச்சபைக்குத் திரும்பக் கிடைத்தன. விளாதிமிர் நகரத்து உஸ்பென்ஸ்கி பேராலயத்தைத் திருச்சபையும் மியூசியமும் சேர்ந்து பயன்படுத்துகின்றன. அதனால்தான் பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களுக்குள்கூட நடைமுறை மாறுகிறது.

வழிபாடு நடக்கும் சர்ச் என்றால் டிக்கெட் இல்லை. யாரும் உள்ளே போகலாம், எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் நம் பழக்கம் இங்கே தலைகீழ். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் குல்லாவைக் கழற்ற வேண்டும். பெண்கள் தலையை மூட வேண்டும். பல இடங்களில் வாசலிலேயே ஸ்கார்ஃப் வைத்திருப்பார்கள், இருந்தாலும் தங்கச்சிகள் ஒரு துப்பட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. உட்கார வரிசை பெஞ்சு கிடையாது. எல்லோரும் நின்றுதான் வழிபடுவார்கள், சுவரோரம் இருக்கும் ஓரிரண்டு பெஞ்சும் வயதானவர்களுக்கு. படங்கள் அடுக்கிய சுவர் போல எதிரே நிற்பது ஐகனோஸ்டாஸ். அதற்குப் பின்னால் போகவே கூடாது, நம் கருவறை மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பூஜை நடக்கும்போது போனை எடுக்காதீர்கள்.

மியூசியம் என்றால் 'காஸா' என்று எழுதிய ஜன்னலில் டிக்கெட். மூடும் நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி முன்னாலேயே காஸாவை மூடிவிடுவார்கள். பல இடங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அது போக மாதத்தில் ஒரு நாள் 'சனிதார்னி தென்', அதாவது துப்புரவு நாள். மியூசியத்தின் இணையப் பக்கத்தில் பார்க்காமல் ரயில் ஏறாதீர்கள். ஸ்டூடண்ட் கார்டைக் காட்டிக் கேட்டால் பல இடங்களில் சலுகை உண்டு. நம் ஊர் விசா, மாஸ்டர் கார்டு எதுவும் 2022 மார்ச்சிலிருந்து இங்கே வேலை செய்யாது. ரொக்கமோ, இங்கே வாங்கிய 'மீர்' கார்டோ வேண்டும். பாஸ்போர்ட்டும் மைக்ரேஷன் கார்டும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

அடுத்து கர்தரோப், அதாவது குளிர்கால கோட்டு வைக்கும் இடம். கோட்டையும் பெரிய பையையும் அங்கே கொடுத்துவிட்டு நம்பர் டோக்கன் வாங்க வேண்டும். கோட்டின் காலருக்குள் மாட்டுவதற்கு ஒரு சின்ன நாடா இருக்கும். என் கோட்டில் அது அறுந்திருந்தது. முதல் குளிர்காலத்தில் ஒரு மியூசியத்தில் அங்கிருந்த பாட்டி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரியே ஊசி நூல் எடுத்துத் தைத்தேன். நீங்கள் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை நாற்காலியில் இருக்கும் பாட்டிகளைக் கண்டும் பயப்படாதீர்கள். "மோஷ்ன ஃபதக்ரஃபீரவத்?" என்று கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். நாலு வார்த்தை ரஷ்யன் பேசினால் அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.

ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால் யாரஸ்லாவ்ல் போங்கள். எலியா தீர்க்கதரிசி ஆலயத்தை 1647 முதல் 1650 வரை ஸ்கிரிப்பின் என்ற வணிகக் குடும்பம் கட்டியது. 1680-இல் கோஸ்த்ரோமாவைச் சேர்ந்த கூரி நிகீதினும் சீலா சாவினும் தங்கள் குழுவோடு வந்து, தரையருகிலிருந்து கூரை வரை ஓர் அங்குலம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். அதில் பைபிளின் எலிசா தீர்க்கதரிசி கதையில் வரும் சூனேமியாள் என்ற பெண்ணின் மகன் காட்சியைத் தேடிப் பாருங்கள். பையன் வயலுக்கு வருகிறான், கலர் கலர் சட்டை போட்டவர்கள் குனிந்து கதிர் அறுக்கிறார்கள். ஹாலந்தில் அச்சான பைபிள் படங்களை முன்வைத்து வரைந்ததுதான், ஆனாலும் அந்த வயல் வோல்கா கரை வயலாகவே இருக்கிறது. வயல் அறுப்பைப் பார்த்து வளர்ந்த எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. இந்த ஆலயம் பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பது வெயில் மாதங்களில்தான், மழை பெய்தால் அன்றைக்கும் மூடிவிடுவார்கள். ஈரக்காற்று ஓவியத்தைக் கெடுக்கும். வெலீக்கி நவ்கராதில் கிரேக்க ஓவியர் தியோபேனஸ் 1378-இல் வரைந்த ஆலயத்திலும் இதே கதை. கதவு பூட்டியிருந்தால் கோபப்படாதீர்கள், அந்தப் பூட்டு இத்தனை நூற்றாண்டு ஓவியத்தைக் காப்பதற்குத்தான்.

நிஷ்னி நோவ்கராத் என்ற வேறோர் ஊரில், நாட்டைக் காக்க மக்களைத் திரட்டிய கூஸ்மா மீனின் என்பவரைப் பற்றி ஓவியர் மகோவ்ஸ்கி 1896-இல் முடித்த ஓவியம் இருக்கிறது, கிட்டத்தட்ட 7 மீட்டர் உயரம், அதற்காகவே போகலாம். கஸான் கிரெம்ளினில், அதாவது அந்த ஊர்க் கோட்டையில், 16-ஆம் நூற்றாண்டுப் பேராலயமும் 2005-இல் திறந்த குல் ஷரீப் மசூதியும் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன.

த்வேருக்கு வந்தவர்கள் இந்த ஞாயிறே வோல்கா கரையில் அஃபனாசி நிகீதின் சிலைக்குப் போங்கள். 15-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து வணிகத்துக்குக் கிளம்பி நம் நாட்டில் கர்நாடகத்துப் பீதர் வரை வந்தவர். நாம் வந்த வழியை அவர் எதிர்த்திசையில் நடந்திருக்கிறார், ஆனால் ஊர் வந்து சேராமல் ஸ்மொலென்ஸ்க் பக்கத்தில் இறந்துபோனார். அங்கிருந்து ஊருக்குள் திரும்பினால் 1564-இல் கட்டிய வெள்ளைத் திரித்துவ ஆலயம் இருக்கிறது. அது மியூசியம் இல்லை, வழிபாடு நடக்கும் சர்ச். துப்பட்டா மறக்காதீர்கள்.